சலவைக்கல்லும் கற்படுக்கையும்

சிங்கப்பூரில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவனிடம், "சமணம் என்பது யாது?" என்று வினவினால், காப்பியப் பாடத்தை நினைவுகூர்ந்து, "பழங்காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து, பின்னர் மறைந்துபோன ஒரு சமயம்" என்று விடை பகர்வான். அதே மாணவனிடம், "ஜைனம் என்பது யாது?" என்று வினவினால், "வடநாட்டு வணிகர்களின் சமயம், வெள்ளைச் சலவைக்கல்லில் கோயில் கட்டுவார்கள்" என்பான். இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும் என்றே அவன் நம்பியிருப்பான். இவ்விரு சொற்களும் ஒரே சமயத்தின் இரு பெயர்கள் என்பதை அவனுக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை.

பெயர் இரண்டாகியதும் பொருளும் இரண்டாகிவிட்டது. ஒன்று இறந்துபட்டது; மற்றொன்று அயலாருடையது. இறந்துபட்டதற்குத் தேர்வில் ஒரு வினா ஒதுக்கப்படுகிறது. அயலாருடையதற்கு விடுமுறையில் ஒரு சுற்றுலா ஒதுக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையே தமிழர்க்கு உரிய ஈராயிரம் ஆண்டுச் செல்வம் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. இந்நிலைக்கு மாணவன் பொறுப்பாளி அல்லன். அவனுக்குக் கற்பிப்போரே பொறுப்பாளிகள்.

அருகில் இருந்தும் அறியாமை

சமய நல்லிணக்கத்திற்குப் பெயர்பெற்ற நாடு சிங்கப்பூர். 1949 ஆம் ஆண்டில் தோன்றிய சமயங்களுக்கு இடையிலான அமைப்பில் இன்று பத்துச் சமயங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் சமணமும் ஒன்று. அரசு விழாக்களில் பத்துச் சமயத்தாரும் வரிசையாக நின்று வழிபாடு செய்யும் காட்சியைத் தமிழ் மாணவர் பலமுறை கண்டிருப்பர். தீவின் கிழக்குப் பகுதியில், ஜாலான் யாசின் என்னும் சிறு தெருவில், சிங்கப்பூர் ஜைன சமயச் சங்கத்தின் வழிபாட்டிடம் அமைந்துள்ளது. அங்கு வழிபடுவோருள் குஜராத்தி மொழி பேசுவோர் மிகுதி. ஆகவே, அது தமக்குத் தொடர்பில்லாத இடம் என்று தமிழ் மக்கள் எண்ணிக்கொள்கின்றனர்.

மறுபுறம், லிட்டில் இந்தியாவிற்குக் கற்றல் பயணமாக மாணவர் அழைத்துச் செல்லப்படுகின்றனர். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலின் கோபுரத்தையும், சீனிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரத்தையும் அவர்கள் அண்ணாந்து பார்க்கின்றனர். கேம்பல் லேனில் 2015 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்குள் நுழைந்து வருகின்றனர். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும், இப்பயணத்தின் முடிவில் மாணவன் உள்ளத்தில் ஒரு சமன்பாடு வேரூன்றிவிடுகிறது. கோபுரம் என்றால் தமிழர். சலவைக்கல் என்றால் வடநாட்டார். எளிய சமன்பாடு, ஆனால் பிழையான சமன்பாடு. சமணத் தீர்த்தங்கரருக்கு இராசகோபுரத்தோடு கோயில் எழுப்பித் தமிழில் வழிபடும் தமிழர் இன்றும் உளர் என்பதை அறிந்த ஆசிரியர் எத்தனை பேர்?

சலவைக்கல்லின் சிறப்பு

சலவைக்கற் கோயில்களைக் குறைத்து மதிப்பிடுதல் அறிவுடைமை ஆகாது. உலகக் கட்டடக் கலையின் உச்சங்களுள் அவை வைத்து எண்ணத்தக்கவை.

இராசத்தானத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது அபு மலை. அங்குள்ள தில்வாராவில் ஐந்து சமணக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் மூத்தது விமல வசகி. சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் அமைச்சராகிய விமல் ஷா 1031 ஆம் ஆண்டில் ஆதிநாதருக்கு எடுப்பித்த கோயில் அது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1230 ஆம் ஆண்டில், வஸ்துபாலர், தேஜபாலர் என்னும் அமைச்சர் உடன்பிறப்பினர் நேமிநாதருக்கு லூண வசகியை எழுப்பினர்.

இக்கோயில்களின் புறத்தோற்றம் வியப்பளிப்பதன்று. வெளியே நின்று நோக்குவோர்க்கு அலங்காரமற்ற சுவர்களே தென்படும். உள்ளே அடியெடுத்து வைத்ததும், மனிதக் கையால் இயலுமோ என்று ஐயுறத்தக்க நுண்வேலைப்பாடு கண்முன் விரிகிறது. நடுமண்டபத்தின் விதானத்தை நோக்குக. எண்கோணமாக நிற்கும் தூண்களின்மேல் உத்தரக் கற்கள் கிடத்தப்பட்டுள்ளன. அவற்றின்மேல் வட்ட வட்டமாகக் கல்வரிசைகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ள வரிசையைக் காட்டிலும் சற்றே உள்நோக்கி நீண்டிருக்கும். இவ்வாறு வட்டங்கள் சுருங்கிச் சுருங்கி உச்சியில் ஒன்றுகூடும்போது குவிமாடம் உருவாகிறது. வளைவுக் கற்களைக் கொண்டு ஒன்றையொன்று தாங்கச் செய்யும் உரோமானியர் முறையினின்றும் இது வேறுபட்டது. உச்சியிலிருந்து பல அடுக்குத் தாமரை ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. அதன் இதழ்கள் ஒளி ஊடுருவும் அளவிற்கு மெலிந்தவை. உளியால் வெட்டுவதோடு நில்லாமல் தேய்த்துத் தேய்த்துச் சிற்பியர் மெருகேற்றினர் என்றும், தேய்த்தெடுத்த தூளின் எடைக்கு ஏற்பக் கூலி வழங்கப்பட்டது என்றும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு.

ஆரவல்லி மலைச்சாரலில் உள்ள இரணக்பூர்க் கோயில் 15 ஆம் நூற்றாண்டினது. மேவார் மன்னர் இராணா கும்பாவின் காலத்தில், தர்ணா ஷா என்னும் செல்வர் பொருள் வழங்க, தேபா என்னும் சிற்பி அதனை வடிவமைத்தார். நாற்றிசை நோக்கிய ஆதிநாதர் திருவுருவத்தை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் வாயில் அமைத்த கோயில் அது. அதன் தூண்கள் 1,444 என்பது மரபு வழிவந்த எண்ணிக்கை. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பர். இத்தனை தூண்களுக்கு இடையிலும் இருள் சூழாதபடி திறந்த முற்றங்களின் வழியாக ஒளி உள்ளே பாய்கிறது.

இத்தகைய கலைக்கோயில்களைக் காணச் செல்வது குற்றமன்று. காணாமலே காண்பதுதான் குற்றம்.

கண்டும் காணாதார்

விடுமுறையில் தில்லி, ஆக்ரா, செய்ப்பூர் என்று சுற்றி, உதயப்பூர் வழியாக அபு மலையை அடையும் சிங்கப்பூர்ப் பயணியர் இரண்டே சொற்களோடு திரும்புகின்றனர். ஒன்று, "என்ன வெண்மை!" மற்றொன்று, "எவ்வளவு செலவாகியிருக்கும்!" முதற்சொல் கண்ணின் சொல், இரண்டாவது பணப்பையின் சொல். அறிவின் சொல் எங்கே?

அறிவு கேட்க வேண்டிய முதல் வினா, கல் எத்தகையது என்பதாகும். சலவைக்கல் சுண்ணாம்புப் பாறை உருமாறியதால் தோன்றியது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவையில், சலவைக்கல்லின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட்டு மூன்றாம் படியில் நிற்கிறது. தமிழ்நாட்டுக் குன்றுகளில் உள்ள கருங்கல்லின் கனிமங்களோ ஆறாம், ஏழாம் படிகளில் நிற்பவை. மென்மையான கல்லில் இதழ் இதழாகச் செதுக்கலாம், வலையாகத் துளைக்கலாம். கருங்கல்லில் அவ்வாறு செய்ய முற்பட்டால் உளிதான் மழுங்கும். ஆகவே, தமிழ்ச் சிற்பி நுணுக்கத்தின் இடத்தில் திரட்சியை வைத்தான். அணியின் இடத்தில் அமைதியை வைத்தான். இதனை உணராத பயணி, "வடநாட்டில் இருப்பதுபோல் தமிழ்நாட்டில் வேலைப்பாடு இல்லையே" என்று இரங்குகிறான். கல்லை அறியாதவன் கலையை எடைபோடுகிறான்.

கேட்க வேண்டிய இரண்டாம் வினா, கட்டுவித்தோர் யாவர் என்பது. தில்வாராக் கோயில்களை அமைச்சர் கட்டினர். இரணக்பூர்க் கோயிலைப் பெருஞ்செல்வர் கட்டினார். மூன்றாம் வினா, சமணத்தின் எப்பிரிவு என்பது. இச்சலவைக்கற் கோயில்கள் வெண்ணிற ஆடை உடுத்தும் சுவேதாம்பரப் பிரிவினர்க்கு உரியவை. தமிழ்ச் சமணமோ திசையையே ஆடையாகக் கொண்ட திகம்பரப் பிரிவினது. ஆகவே, இரண்டும் எல்லாவற்றிலும் ஒன்றே என்று கூறுதல் பிழை. ஆயினும், ஆதிநாதர் முதல் மகாவீரர் ஈறாக இருபத்துநால்வரையும், கொல்லாமை நெறியையும் இரு பிரிவினரும் பொதுவாகப் போற்றுகின்றனர். ஒரு குடியின் இரு கிளைகளுள் ஒன்றன் மாளிகையைக் கண்டு வியந்தவர், தம் ஊரில் வாழும் மற்றொரு கிளையின் இல்லத்தை எட்டியும் பாராதது முறையாகுமா?

ஆசிரியர் பெயர் பொறித்த குன்றுகள்

புதுக்கோட்டைக்கு அருகில் உள்ளது சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீன்களும் அன்னங்களும் யானைகளும் அதில் விளையாட, தாமரை பறிப்போர் நீரில் நிற்கின்றனர். 9 ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அக்குடைவரையைப் புதுக்கி முன்மண்டபம் ஒன்றும் எடுத்தவர் பெயரை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. அவர் அமைச்சர் அல்லர், வணிகரும் அல்லர். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பது அவர் பெயர். ஓர் ஆசிரியர் முன்னின்று செய்த திருப்பணி அது. இச்செய்தியைத் தமிழாசிரியருக்கே இன்னொருவர் எடுத்துரைக்க வேண்டியிருப்பது எத்துணை வருந்தத்தக்கது!

அதே குன்றின் உயரத்தில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் உள்ளது. துறவியர் கிடந்து நோற்பதற்காக வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் அங்கு உள்ளன. படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்திலும் இத்தகைய படுக்கைகளும் எழுத்துகளும் உள்ளன. 1882 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட மாங்குளம் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் உள்ளதை 1965 இல் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். தமிழில் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை சமணத் துறவியரின் உறைவிடங்களிலேயே உள்ளன. தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அவ்வெழுத்து முதலில் எந்தக் கல்லில், எவர் தலைமாட்டில் பொறிக்கப்பட்டது என்பதையும் உடன் எழுத வேண்டாவா?

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்னும் பாறை உள்ளது. இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் அதன் முகத்தில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. அவரையும் அக்கல்வெட்டு ஆசிரியர் என்னும் பொருள்தரும் சொல்லாலேயே சுட்டுகிறது.

தென்பாண்டி நாட்டுக் கழுகுமலையில் நூற்றுக்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் பாறையில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. 8, 9 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவற்றின் கீழே, செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை வாசிப்போர் மெய்சிலிர்ப்பர். குரவர் என்னும் ஆசிரியரும், குரத்தி எனப்பட்ட பெண் ஆசிரியரும், அவர்தம் மாணாக்கரும் அங்குப் பெயர் பொறித்துள்ளனர். தச்சரும் குயவரும் போன்ற உழைப்பாளரும் தத்தம் பெயரால் உருவம் செய்வித்துள்ளனர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், பெண்கள் ஆசிரியராக வீற்றிருந்து மாணாக்கரைப் பெற்றிருந்த கல்விக்கழகம் ஒன்று தமிழ் மண்ணில் விளங்கியது. அதற்குச் சான்று வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. சலவைக்கல் அமைச்சரின் செல்வத்தைக் காட்டுகிறது. கழுகுமலைப் பாறையோ ஆசிரியரும் மாணவரும் குயவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பற்றினைக் காட்டுகிறது. இரண்டனுள் எதனை மாணவர்க்கு முதலில் காட்டுவது என்பதில் ஆசிரியர்க்கு ஐயம் எழலாமா?

இவையெல்லாம் பாழடைந்த பாறைகளே என்று எண்ணிவிடுதல் கூடாது. ஆரணிப் பகுதியில் உள்ள திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர் உருவம் பாறையில் எழுந்து நிற்கிறது. முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவையின் பெயரால் அங்குக் குந்தவை ஜினாலயம் வழங்குகிறது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88 இல் கட்டுவித்தார். தீர்த்தங்கரர் வரலாறுகள் அதன் விதானத்தில் ஓவியமாக விளங்குகின்றன. செஞ்சிக்கு அருகில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் திருமடம் இன்றும் இயங்குகிறது. அங்குள்ள பார்சுவநாதர் கோயில் உயர்ந்த இராசகோபுரத்தை உடையது. சிராங்கூன் சாலைக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய சிங்கப்பூர்ச் சிறுவன் அக்கோபுரத்தின்முன் நின்றால், அது அயலார் கோயில் என்று ஒருபோதும் எண்ணமாட்டான். தமிழ்நாட்டில் வாழும் சமணர் தொகை 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 89,000. வடக்கிலிருந்து வந்து குடியேறியோரோடு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உழுதுண்டு வாழும் தமிழ்ச் சமணரும் அத்தொகையில் அடங்குவர். மறைந்துபோன சமயம் என்று பாடம் நடத்துவோர், உயிரோடு இருக்கும் மக்களுக்கு இரங்கற்பா பாடுகின்றனர்.

வகுப்பறையில் வாழும் சமணம்

கல்லை விட்டுவிட்டு ஏட்டிற்கு வந்தாலும் இதே மறதிதான். எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் நன்னூலை இயற்றியவர் சமண முனிவராகிய பவணந்தியார். யாப்பு கற்பிக்கும் காரிகையை இயற்றிய அமிதசாகரர் சமணர். நேமிநாதம் என்னும் இலக்கண நூலின் பெயரே தீர்த்தங்கரரின் பெயர். மாணவர் மனனம் செய்யும் நாலடியார் சமண முனிவர் பாடியது. விருத்தப்பாவில் பெருங்காப்பியம் செய்து காட்டிய திருத்தக்கதேவர் சமணர். சொற்பொருள் தேடுவோர்க்குச் சூடாமணி நிகண்டை அளித்த மண்டல புருடர் சமணர். இவர்களை நீக்கிவிட்டால் தமிழாசிரியர் கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நூலைப் பயன்கொண்டு, நூலாசிரியரின் நெறியை மறைத்துவிடுதல் நன்றியுடைமை ஆகுமா? பக்தி இலக்கியப் பாடத்தில் சமணர் எதிரணியினராகத் தோன்றி, வாதில் தோற்று மறைகின்றனர். அந்த ஒரு காட்சியே மாணவன் நெஞ்சில் நிலைக்கிறது. திருநாவுக்கரசர் தம் இளமையில் தருமசேனர் என்னும் பெயரோடு சமணப் பள்ளியில் பயின்று, அங்குத் தலைமை எய்தியவர் என்று பெரியபுராணம் கூறுவதும் உடன் சொல்லப்படுமாயின், அவன் சிந்திக்கத் தொடங்குவான்.

ஈண்டு ஒரு முன்மாதிரியை நினைவுகூர்தல் தகும். குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880 இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபின் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். சைவச் சூழலில் வளர்ந்தவர்; பெரும்புலமை பெற்றவர். ஆயினும், சமணக் கருத்துகள் தமக்கு விளங்கவில்லை என்று கண்டதும், குடந்தையில் வாழ்ந்த சமணரின் இல்லம் தேடிச் சென்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. அவர் தம் சமயத்தைக் கைவிடவுமில்லை. பிறர் சமயத்தைக் கற்க நாணவுமில்லை. அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி 1954 இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' என்னும் நூல் மேலும் பல வாயில்களைத் திறந்தது. திறந்த வாயிலில் நுழைவதற்குத்தான் ஆள் இல்லை.

நாள்தோறும் வழங்கும் 'பள்ளி' என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் கல்வெட்டுகள் பள்ளி என்று கூறுகின்றன. துறவியர் அங்கிருந்து கல்வி புகட்டியதால்தான் கற்பிக்கும் இடமும் அப்பெயர் பெற்றது என்பர் அறிஞர். பள்ளி என்னும் பெயர்ப்பலகையின்கீழ் நாள்தோறும் நுழைந்து வெளிவரும் ஆசிரியர், அச்சொல்லின் கதையை மாணவர்க்குச் சொல்லாமல் இருப்பது விந்தையிலும் விந்தை.

மறுப்பார் கூற்றும் விடையும்

இதற்கு மறுப்புரைப்போர் மூவகையினர். "பாடத்திட்டம் நெருக்கடியானது, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பர் முதல் வகையினர். பவணந்தியார் யார் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். கழுகுமலைக் குரத்தியரின் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நேரமின்மை என்பது பலவேளைகளில் விருப்பமின்மையின் மறுபெயர்.

"சிங்கப்பூர் சமயச் சார்பற்ற நாடு, வகுப்பறையில் சமயம் பேசலாகாது" என்பர் இரண்டாம் வகையினர். சமயத்தைப் பரப்புதல் வேறு. சமயத்தைப் பற்றி அறிதல் வேறு. உமறுப்புலவரைக் கற்பிக்கும்போது இசுலாத்தையும், வீரமாமுனிவரைக் கற்பிக்கும்போது கிறித்துவத்தையும் தயக்கமின்றி விளக்கும் ஆசிரியர், திருத்தக்கதேவரைக் கற்பிக்கும்போது மட்டும் வாய்மூடுவது சார்பின்மை ஆகாது. பல சமயத்தார் கூடி வளர்த்த மொழி தமிழ் என்னும் உண்மையைவிடச் சிங்கப்பூருக்கு ஏற்ற பாடம் வேறு எது?

"கலையை நுகர ஆராய்ச்சி எதற்கு? சலவைக்கல்லைக் கண்டால் உள்ளம் மகிழ்கிறது, அது போதாதா?" என்பர் மூன்றாம் வகையினர். உள்ளம் மகிழட்டும், அதனைத் தடுப்பார் எவருமில்லை. ஆயினும், தில்வாராக் கோயிலுக்குள் புகைப்படம் எடுக்க இசைவில்லை. அங்குச் செல்பவன் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணாலும் அறிவாலும் மட்டுமே பார்த்தாக வேண்டும். அறிவைப் பயிற்றாமல் அனுப்பப்பட்டவன் எதனைக் கொண்டு திரும்புவான்?

ஆசிரியர் செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நில்லாமல் வழி கூறுதலும் வேண்டும். ஆசிரியப் பயிற்சியிலேயே, இலக்கண நூல்களின் ஆசிரியர் வரலாறு அவர்தம் சமயப் பின்புலத்தோடு கற்பிக்கப்பட வேண்டும். நன்னூல் வகுப்பின் முதல் நாளில் ஒரு சமணக் குன்றின் படத்தைச் சுவரில் மாட்டலாம். லிட்டில் இந்தியாவில் கோபுரம் காட்டும்போது, அதே வகைக் கோபுரம் மேல்சித்தாமூரில் பார்சுவநாதர்க்கு உண்டு என்று ஒரு சொல் சேர்க்கலாம். ஜாலான் யாசினில் உள்ள சங்கத்தாரின் இசைவு பெற்று மாணவரை அழைத்துச் சென்று, நாலடியாரை அவர்கள் முன் ஓதச் செய்யலாம். குஜராத்தி மொழியினர்க்கும் அது புதுச்செய்தியாக இருக்கும். தமிழில் இத்துணைச் சமண நூல்கள் உள்ளமையை அறிந்து அவர்கள் மகிழ்வர். வடநாடு செல்லும் குடும்பங்கள் திரும்பும் வழியில் சென்னையில் இறங்குமாயின், காஞ்சித் திருப்பருத்திக்குன்றம் அரைநாட் பயணமே.

குஜராத்தி வணிகர் தாம் குடியேறிய நாடுதோறும் தம் கோயிற்கலையை உடன்கொண்டு சென்றனர். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பழைய கிறித்துவத் தொழுகைக் கட்டடம் ஒன்றை வாங்கி, அதன் முகப்பிற்கு வெண்சலவைக்கல் போர்த்து, 1988 இல் சமண நிலையமாக்கினர். தமிழரும் கடல் கடந்தபோது நன்னூலையும் நாலடியாரையும் உடன்கொண்டு வந்தனர். கொண்டுவந்த பொருள் எவர் வீட்டுப் பொருள் என்பதை மட்டும் வழியில் மறந்துவிட்டனர்.

மறதியின் விலை சிறிதன்று. தமிழ்நாட்டுச் சமணக் குன்றுகள் காலத்தால் தேய்வதைக் காட்டிலும் கல்லுடைப்பாரால் தேய்வது மிகுதி. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணக் கற்படுக்கைகளும் உள்ளன. 2022 இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியை உள்ளடக்கி, 2024 இல் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. அவ்வூர் மக்களும் சுற்றுவட்டார உழவரும் திரண்டெழுந்து போராடினர். 2025 சனவரியில் மைய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. அம்மக்களுள் சமணர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மலை தங்களுடையது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அது போதுமானதாக இருந்தது.

உழவர் அறிந்ததை ஆசிரியர் அறியாதிருத்தல் தகாது. சலவைக்கற் கோயில்களைக் காக்க அறக்கட்டளைகளும் செல்வரும் உளர். கற்படுக்கைகளைக் காக்க, அவற்றில் உள்ள எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களே உளர். அவ்வெழுத்து தமிழ். அதனை அடுத்த தலைமுறைக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பு, இளங்கௌதமனின் வழிவந்த தமிழாசிரியர் ஒவ்வொருவர்க்கும் உரியது.